‘தாவர இறைச்சி’ மெஷினுக்கு முற்பணம் கட்டலாமா?

கேள்வி: தலவாக்கலைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் ஏழு பேர் சேர்ந்து ஏதாவது தொழில் தொடங்க இரண்டு வருஷமாக சீட்டுக் காசு சேர்த்து வைத்திருக்கிறோம். போன மாதம் ஒருவர் வந்தார். உலகம் முழுக்க இப்போது இறைச்சிக்குப் பதிலாகத் தாவர இறைச்சிதான் சாப்பிடுகிறார்கள், அதைச் செய்கிற மெஷினைத் தருகிறேன், செய்து தருவதை எல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். முற்பணம் 4 இலட்சம், மிச்சத்துக்குக் கடன் எடுத்துத் தருவாராம். இந்த மாத முடிவுக்குள் சொல்ல வேண்டுமாம். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்யும் என் தம்பியும் இந்தச் சந்தை வளர்கிறது என்றுதான் சொல்கிறான். அம்மாவோ, சோயாவைக் காசு கொடுத்து யார் வாங்குவான், கோழி வாங்க முடியாதவன் சாப்பிடுகிற சாமான் அது என்கிறார். மெஷின் வேண்டாம் என்றால் பலாக்காய் அல்லது காளான் செய்யலாமா? உங்கள் அபிப்பிராயம் வேண்டும், சேர்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த முற்பணத்தைக் கட்ட வேண்டாம், கடன் பத்திரத்தில் ஏழு பேரில் ஒருவர்கூடக் கையெழுத்து வைக்க வேண்டாம். மாத முடிவுக்குள் சொல் என்று நெருக்குவதே எனக்குப் போதுமான காரணம், ஆனால் அதை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. உணவுத் தொழில்நுட்பம் படித்து அதிலேயே வேலை செய்கிறவன் என்பதால், அந்த மெஷின் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். படித்துவிட்டு ஏழு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

நாம் கடையில் வாங்கும் சோயா மீட் எப்படி வருகிறது என்று பாருங்கள். சோயா அவரையில் இருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுவதை மாவாக்கி, தண்ணீர் சேர்த்து, எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் 140, 150 பாகை வரை சூடாக்கி, பெரிய அழுத்தத்தில் ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக வெளியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பொங்குவதால் அந்த நார் நாரான தன்மை கிடைக்கிறது. அமெரிக்காவில் 1960களில் உருவாகி 1970இல் காப்புரிமை பெற்ற முறை இது. நம் நாட்டுக்கு வந்தும் பல பத்து வருஷம் ஆகிவிட்டது, தோட்டத்துக் கடையில்கூட அந்தப் பக்கெட் தொங்குகிறது. இப்போது மேல்நாட்டில் கோழித்துண்டு மாதிரியே வரும் சாமானுக்கு இரட்டைத் திருகு வைத்த எக்ஸ்ட்ரூடரும், அதன் வாயில் மெதுவாகக் குளிர வைக்கும் நீண்ட அச்சும் வேண்டும். விலையும் பெரிது, ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும், மும்முனை மின்சாரமும் வேண்டும். உங்கள் தோட்டத்தில் லயத்துக்கு வரும் கரண்டில் அது ஓடாது. சின்னதாக, மலிவாக, வீடியோவில் அழகாக ஓடிக் காட்டும் மெஷின்களில் அநேகமானவை சோளத்தைப் பொங்க வைத்துப் பொரித்தீனி செய்யத்தான் லாயக்கு. அதில் சோயா மாவைப் போட்டால் ஏதோ ஒன்று வரும், இறைச்சி மாதிரி வராது.

சரி, மெஷின் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் செய்யப் போவது அந்தத் தோட்டத்துக் கடையில் தொங்கும் அதே சாமானைத்தான். பெரிய தொழிற்சாலைகள் எண்ணெய் நீக்கிய மாவை மொத்தமாக இறக்கி, இரவு பகலாக ஓட்டி, மசாலாப் பக்கெட்டும் உள்ளே போட்டு விற்கிற விலைக்குப் பக்கத்தில் ஏழு பேரால் வர முடியாது. “நானே வாங்கிக்கொள்கிறேன்” என்ற பேச்சு எழுத்தில் இருக்கிறதா? என்ன விலைக்கு, எத்தனை மாதத்துக்கு, தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் யாருக்கு நஷ்டம், மா யார் கொண்டுவந்து தருவார், மெஷின் பழுதானால் யார் வருவார்? இதற்கெல்லாம் அவரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். மெஷின் விற்றவருக்கு அன்றைக்கே லாபம் வந்துவிட்டது, உங்கள் சாமானை வாங்கித்தான் அவர் பிழைக்க வேண்டும் என்று இல்லை. கிழமைக்குக் கிழமை தவணை கட்ட முடியாமல் நுண்கடன்காரனைக் கண்டதும் வாசலை மூடிக்கொண்டு உள்ளே இருக்கும் பெண்கள் எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? அந்த வரிசையில் இன்னும் ஏழு பேர் சேரக்கூடாது என்பதுதான் என் கவலை.

இப்போது உங்கள் தம்பி சொன்னதுக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். 2013இல் லண்டனில் ஆய்வுகூடத்தில் வளர்த்த மாட்டிறைச்சியில் ஒரு பர்கர் செய்து காட்டினார்கள், அந்த ஒன்றுக்கு ஆன செலவு 2 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர்தான் முதன்முதலாக அப்படி வளர்த்த கோழி இறைச்சியை விற்க அனுமதித்தது, 2023இல் அமெரிக்காவும் அனுமதித்தது, அதே வருஷம் இத்தாலி தடை செய்தது. தாவரத்தில் இருந்து செய்கிற பக்கத்தில் பியாண்ட் மீட் கம்பனி 2019 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 25 டொலர். மூன்று மாதத்துக்குள் 200ஐத் தாண்டியது. அதே பங்கு 2025இல் ஒரு டொலருக்கும் கீழே போனது. ஆட்கள் முதல்முறை ஆசையாக வாங்கிப் பார்த்தார்கள், விலை இறைச்சியை விட அதிகம், ருசி பிடிபடவில்லை, உள்ளே என்னென்னவோ சேர்த்திருக்கிறார்கள் என்ற பயமும் வந்தது, அதனால் பலர் இரண்டாம் முறை வாங்கவில்லை. அமெரிக்கக் கடைகளில் தாவர இறைச்சி விற்பனை 2021க்குப் பிறகு இறங்கித்தான் வந்திருக்கிறது. இறைச்சி மொத்த விற்பனையில் அதன் பங்கு கிட்டத்தட்ட நூற்றில் ஒன்று. ஆனால் தாவரப் பால், அதாவது சோயாப் பால், பாதாம் பால், ஓட்ஸ் பால், அது அங்கே பால் விற்பனையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியைப் போலவே செய்து காட்டுகிறேன் என்றவர்கள் திணறுகிறார்கள், அன்றாடம் வீட்டில் பாவிக்கிற சாமானாக விற்றவர்கள் நிலைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். அந்தச் சந்தை இறைச்சியை அளவுக்கு மேலே சாப்பிடுகிறவர்களின் சந்தை. அவர்கள் குறைக்கப் பார்க்கிறார்கள், சூழலுக்காக, உடம்புக்காக, மிருகங்கள் மேல் இரக்கப்பட்டு. உங்களைச் சுற்றி இருக்கிறவர்களுக்குக் குறைக்க எதுவும் இல்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், மத்தியானம் கொழுந்து மலையில் அதே ரொட்டி, இரவுக்குச் சோறும் ஒரு மரக்கறியும், சம்பளம் கிடைத்த கிழமையில் கோழி. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 வீதம், பெருந்தோட்டப் பகுதியில் 32 வீதம். அதற்குப் பிறகுதான் 2022 வந்தது, அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது, முட்டையும் பால்மாவும் எட்டாத உயரத்துக்குப் போயின. நாட்சம்பளம் 1,350 என்று வர்த்தமானி வந்தது 2024இல்தான். அதனால் இங்கே புரதத்துக்குச் சந்தை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, உங்கள் லயத்து வாசலிலேயே இருக்கிறது. கோழி சாப்பிடுகிறவனிடம் போய் அதை விடு என்று சொல்லத் தேவையில்லை, அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. கோழி இல்லாத ஆறு நாளைக்கு சட்டியில் என்ன போடுவது என்பதுதான் உங்கள் தொழில்.

பலாக்காயையும் காளானையும் கேட்டிருந்தீர்கள். பலாப்பிஞ்சை டின்னில் அடைத்து ‘தாவர இறைச்சி’ என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், உண்மை. பார்க்கவும் கடிக்கவும் இறைச்சி மாதிரித்தான். ஆனால் 100 கிராம் பலாப்பிஞ்சில் புரதம் 2 கிராம் அளவுதான். பலாக்கொட்டையில் அதை விடப் பல மடங்கு இருக்கிறது, அதைத்தான் நாம் வீசுகிறோம். காளானிலும் பச்சையாக 100 கிராமுக்கு 3 கிராம்தான். காளான் வளர்ப்பு நல்ல தொழில், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதைப் புரதம் என்று சொல்லி ஒரு கர்ப்பிணித் தாய்க்கு விற்கக்கூடாது. அது நான் சகிக்காத விஷயம். சோயாப் பாலைத் திரைய வைத்து அழுத்திய கட்டியை டோஃபு என்பார்கள், நன்றாகச் செய்த கெட்டி டோஃபுவில் 100 கிராமுக்கு 12, 13 கிராம் இருக்கும். ஒரு முட்டையில் 6. மைசூர்ப் பருப்பில் காய்ந்த நிலையில் 24, காய்ந்த சோயா மீட்டில் 50, ஆனால் இரண்டும் தண்ணீர் குடித்து இரண்டு மூன்று மடங்காகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆக, என் யோசனை டோஃபு. தம்பி ஹோட்டலில் பார்த்திருப்பார். ஏன் அது என்றால், அது ஈரமான சாமான், சில நாளில் கெட்டுவிடும், தூரத்துத் தொழிற்சாலை அதைப் பக்கெட் பண்ணி ஒவ்வொரு தோட்டத்துக் கடைக்கும் கொண்டுவந்து தொங்கவிட முடியாது. பக்கத்தில் இருந்து செய்கிறவருக்குத்தான் அங்கே இடம் இருக்கிறது. டெம்பே என்று இந்தோனேசியாக்காரர்கள் சோயாவைப் பூஞ்சணம் போட்டுப் புளிக்க வைத்துச் செய்கிறார்கள், அது இன்னும் சத்து, ஆனால் 30 பாகைச் சூட்டில் ஒன்றரை நாள் வைக்க வேண்டும், உங்கள் ஊர்க் குளிரில் அதற்கு மின்குமிழ் போட்ட சூட்டுப் பெட்டி கட்டவேண்டி வரும். டோஃபுவுக்குக் குளிர் உதவி.

செய்முறையை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மலைநாட்டில் அதைச் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழ்நாட்டில் பழகியவர்கள் சொல்லித் தரமாட்டார்கள். அவரையை இரவு ஊறவையுங்கள், குளிரில் 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல். அரைக்கும்போது கொதிநீர் ஊற்றி அரைத்தால் அந்தப் பச்சை அவரை வாடை குறையும். அவரை நொறுங்கியதும் அதில் உள்ள ஒரு நொதியம் வேலை செய்துதான் வாடை வருகிறது, சூடு அதை நிறுத்திவிடும். ஊறவைக்கும் முன் இருந்த எடைக்கு எட்டு மடங்கு, பத்து மடங்கு தண்ணீர். பிறகு காய்ச்ச வேண்டும், இங்கேதான் கவனம். 80 பாகை தாண்டியதும் நுரை பொங்கி வழியப் பார்க்கும், கொதித்துவிட்டது என்று நினைத்து இறக்கிவிடுவார்கள். அது கொதி இல்லை. சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும், இல்லாவிட்டால் வயிறு பொருமும், பேதியாகும், ஊரில் ஒருமுறை அப்படி ஆனால் பிறகு உங்கள் டோஃபுவை யாரும் தொடமாட்டார்கள். அதற்கு மேல், தலவாக்கலை கடல்மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 1,200 மீற்றர். அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. பருப்பு அவிய இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று அம்மா சொல்லியிருப்பாரே, அதே காரணம்தான். அதனால் புத்தகத்தில் 10 நிமிஷம் என்றால் நீங்கள் உண்மையான கொதி வந்த பிறகு 20 நிமிஷம் விடுங்கள், அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே.

காய்ச்சியதைத் துணியில் வடித்து, சக்கையைத் தனியே எடுத்துவைத்து, பாலைக் கொஞ்சம் ஆறவிட்டு, 75, 80 பாகைக்கு வந்ததும் திரைய வைக்க வேண்டும். தேசிக்காயோ வினாகிரியோ போட்டாலும் திரையும், ஆனால் புளிக்கும், உதிரும். உணவுக்கான ஜிப்சம் (கல்சியம் சேர்ந்த வெள்ளைத் தூள்) வாங்குங்கள், கட்டிட வேலைக்கு விற்பதை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். 1 கிலோ அவரைக்கு 25, 30 கிராமில் தொடங்கிப் பாருங்கள். அதனால் கல்சியமும் சேரும். துணியில் கட்டிப் பாரம் வைத்தால், 1 கிலோ அவரைக்கு 2 கிலோ அளவு கெட்டி டோஃபு வரவேண்டும். அதை விட மிகக் கூடினால் தண்ணீரை விற்கிறீர்கள், மிகக் குறைந்தால் புரதம் சக்கையோடு போகிறது.

அந்தச் சக்கை. அதை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மாவில் நாலில் ஒரு பங்கு அந்த ஈரச் சக்கையைச் சேர்த்துப் பாருங்கள், ரொட்டி மிருதுவாக வரும், கொழுந்து மலைக்குக் கொண்டுபோனாலும் சீக்கிரம் காயாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற ஒரு பகுதி குறைவு, சோயாவில் அது தாராளம், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் அதிகம் பிடித்தது இதுதான், ஏனென்றால் யாருடைய சாப்பாட்டுப் பழக்கத்தையும் மாற்றாமல், தினமும் சாப்பிடுகிற ரொட்டிக்குள்ளேயே அது போய்விடுகிறது. வடைக்கும் கடலைப் பருப்போடு பாதிக்குப் பாதி போகும். உங்கள் முதல் லாபம் டோஃபுவில் இல்லாமல் சக்கை வடையில் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அம்மாவின் பேச்சைத் தட்டிவிடாதீர்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோயா என்றால் இல்லாதவன் சாப்பாடு என்ற எண்ணம் தோட்டத்தில் ஊறிப்போயிருக்கிறது. 1973இல் தொடங்கிய திரிபோஷாவும் சோளமும் சோயாவும்தான், கிளினிக்கில் மிட்வைஃப் இலவசமாகக் கொடுக்கிற சாமான், எத்தனையோ தாய்மாரையும் பிள்ளைகளையும் காப்பாற்றியது, ஆனால் இலவசமாக வருவதைக் காசு கொடுத்து வாங்கும் ஆசை வராது. அதனால் இதைக் கோழிக்குப் பதில் என்று சொல்லி விற்காதீர்கள், கோழியோடு ஒப்பிட்டால் அது எப்போதும் தோற்கும். மரக்கறி நாளுக்கு விற்றுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பெரும்பாலான வீடுகளில் மச்சம் இல்லை. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் அந்த வீட்டில் மச்சம் ஏறாது, அந்த மாதத்தில் சட்டிக்கு என்ன போடுவது என்று திண்டாடாத வீடு இல்லை. கோயில் திருவிழா, கந்தசஷ்டி. டிசம்பர்ப் போயாவில் இருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன், ஹட்டன் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் சனம் எவ்வளவு, அந்த வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த டோஃபு கறி கொடுத்துப் பாருங்கள். மசாலா தடவிப் பொரித்து வைத்தால் பச்சைக் கட்டியை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், நம் ஆட்களுக்கு அந்த ருசியும் பிடிக்கும். வெறும் வெள்ளைக் கட்டியைக் கொண்டுபோய் நீட்டினால், அது என்ன, சவர்க்காரமா என்று கேட்பார்கள்.

வெள்ளைக் கட்டியை வாங்குகிறவர்கள் எல்ல பக்கம், நுவரெலியா டவுனில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் இடங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும், பால் முட்டைகூடத் தொடாத உல்லாசப் பயணிகள் நிறையப் பேர் வருகிறார்கள், அந்தச் சமையலறைகளுக்கு டோஃபு தேவை. தம்பிக்கு ஹோட்டல்காரர்களைத் தெரியும் என்றால் அவரை இதற்குப் பயன்படுத்துங்கள். அங்கே நல்ல விலைக்கு விற்று, அந்த லாபத்தில் தோட்டத்துக்குள் விலையைக் குறைத்துக் கொடுக்கலாம், அப்படித்தான் கணக்குப் போட வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஹோட்டலுக்கு வாரத்தில் சொன்ன நாளில் சொன்ன அளவு போயே ஆகவேண்டும், மழை, பஸ் வரவில்லை என்ற கதை செல்லாது. கொழும்பு சூப்பர்மார்க்கெட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சாமானை இன்றைக்கு எடுத்துக் காசை மாதம் கழித்துத் தருவார்கள், விற்காததைத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவு நாள் தாங்கும் கையிருப்பு உங்களிடம் இல்லை.

இடம்தான் உங்களுக்குப் பெரிய தடையாக இருக்கும். லயத்துக் காம்பராவின் குசினியில் விற்பனைக்கு உணவு செய்ய முடியாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அனுமதிக்க மாட்டார், அது சரியும்கூட. லயம் உங்கள் பெயரில் இல்லை, தோட்டத்து நிலத்தில் ஒரு கொட்டில் போடவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எங்கள் சனம் எந்தத் தொழில் தொடங்கப் போனாலும் முதலில் முட்டுவது இந்தச் சுவரில்தான், இருநூறு வருஷம் உழைத்த மண்ணில் ஒரு அடுப்பு வைக்க இடம் கேட்டு நிற்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதைக்கு வழி என்றால், தோட்டத்து சமூக நிலையத்தில் ஒரு அறையைக் கேட்டு எழுதிக் கொடுங்கள், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் டவுனில் பின்பக்கம் தண்ணீர் வசதியோடு ஒரு சின்னக் கடையறை. தொழிலின் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய கிராம சேவகரின் கடிதம் கேட்பார்கள். பரிசோதகரை எதிரியாக நினைக்காமல் ஆரம்பத்திலேயே போய்ப் பார்த்து, தரை எப்படி, வடிகால் எப்படி, மருத்துவச் சான்றிதழ் யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்கிறேன். டோஃபுவைத் தண்ணீரில் போட்டுத்தான் வைக்க வேண்டும், அந்தத் தண்ணீரில் இருப்பது எல்லாம் டோஃபுவுக்குள் போகும். பீலித் தண்ணி பார்க்கத் தெளிவாக இருந்தாலும் மேலே யாருடைய மரக்கறித் தோட்டம், எந்த மருந்து, எந்த மலசலகூடம் என்று உங்களுக்குத் தெரியும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும். 5 பாகைக்குக் கீழே ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் நாலைந்து நாள். ஊர்க் குளிரே போதும் என்று நினைக்க வேண்டாம், 16, 18 பாகை நமக்குக் குளிர், கிருமிக்கு இல்லை. லேபலில் செய்த திகதி, முடியும் திகதி, சோயா இருக்கிறது என்ற வரி மூன்று மொழியிலும் இருக்கட்டும், சோயா ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு.

வாங்குகிறவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். சோயாவில் வைட்டமின் பி12 இல்லை, அதனால் முட்டையோ பாலோ கருவாடோ வீட்டில் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று சொல்லுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர சாப்பாட்டோடு ஒரு தேசிக்காய்ப் பிழிவு நல்லது, சாப்பிட்ட கையோடு சாயத் தண்ணி குடிப்பது கெடுக்கும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். தேயிலை பறிக்கிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் இரத்தம் குறைந்த தாய்மார் இருக்கும் இடத்தில் சொல்லாமல் இருக்கக்கூடாது. நீங்கள் முன்பள்ளி ஆசிரியை, நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

பேராதெனியாவுக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. இந்த நாட்டில் சோயாவைச் சமையலுக்குப் பழக்கும் வேலை அந்தக் கன்னொறுவையில்தான் பல வருஷம் நடந்தது. சங்கத்தில் இரண்டு பேரை அங்கே அனுப்பி, பயிற்சி எப்போது என்று நேரில் கேளுங்கள், சிங்களம் நன்றாகப் பேசுகிற ஒருவரை அனுப்பினால் வேலை லேசாகும். அவரை வாங்கும்போது மனிதர் சாப்பிடும் தரமா என்று பாருங்கள், அனுராதபுரம் பக்கம் விளைகிறது, டவுன் மொத்தக் கடையில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். விதைக்கென்று மருந்து பூசிய அவரையும் கோழித் தீனிக்கு வரும் பூஞ்சணம் பிடித்த அவரையும் மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள்.

சீட்டுக் காசில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். இப்போதைக்கு ஒரு நல்ல கிரைண்டர், ஒரு பெரிய சட்டி, வெப்பமானி, துணி, ஓட்டை போட்ட அச்சுப் பெட்டி, தராசு, 10 கிலோ அவரை. இதைச் செய்து முதலில் விற்காமல் உங்கள் ஏழு வீட்டிலும் சாப்பிடுங்கள். பிறகு, அறை கிடைத்துப் பரிசோதகரும் பார்த்த பின், மூன்று வெள்ளிக்கிழமை தோட்டத்தில் கொஞ்சம் விற்றுப் பாருங்கள், இரண்டாவது வெள்ளிக்கிழமை அதே ஆட்கள் திரும்பி வருகிறார்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும், முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் உங்களுக்காக வாங்குவார்கள். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: அவரை எத்தனை கிலோ போனது, டோஃபு எத்தனை கிலோ வந்தது, காஸ் எவ்வளவு, எத்தனை பேருடைய எத்தனை மணித்தியால உழைப்பு, மிஞ்சியது எவ்வளவு. உழைப்புக்கு ஒரு நாட்சம்பளம் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், பெண்கள் செய்கிற வேலைக்கு மட்டும் கூலி போடாமல் லாபம் என்று எழுதும் பழக்கம் வேண்டாம். அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஃபிரிட்ஜ் வாங்கலாமா, என்ன அளவில் வாங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.